காப்பித் தோட்டத்தில் ஹம்மிங்பேர்டா?

ஏப்ரல் 9, காலை. வத்தலக்குண்டிலிருந்து ஒரு தம்பி கேட்டது

அண்ணே, போன வாரம் தாண்டிக்குடியில் மாமா வீட்டில் இருந்தேன். காலை ஏழு, ஏழரை இருக்கும். வேலியோரம் உண்ணிப்பூவில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு பறவை. உட்காரவே இல்லை. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடியே மூக்கை உள்ளே விட்டுக் குடித்தது. பச்சை உடம்பு, இடுப்பில் சிவப்புப் பட்டை, விசிறி மாதிரிக் கறுப்பு வால். மாமா தேன்சிட்டுக் குஞ்சு என்கிறார். டிவியில் காட்டும் ஹம்மிங்பேர்டுதான் அது என்று நான் சொல்கிறேன். வீட்டில் பந்தயமே கட்டியாயிற்று. நீங்கள் அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், சொல்லுங்கள்.

ஏப்ரல் 9, இரவு

பறவையே இல்லை தம்பி, பூச்சி.

ஹம்மிங்பேர்டு வட, தென் அமெரிக்கா தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பழனி மலைக்கு அது வர வழியே இல்லை. தேன்சிட்டுக் குஞ்சாகவும் இருக்க முடியாது. கூட்டை விட்டுப் பறந்து வரும்போதே குஞ்சு ஏறக்குறைய தாய் அளவுக்கு வளர்ந்திருக்கும், நம் மலையிலேயே சின்னத் தேன்சிட்டுகூட எட்டு சென்டிமீட்டர் வரும். தவிர, தேன்சிட்டு காம்பில் உட்கார்ந்து குடிப்பதுதான் வழக்கம். எப்போதாவது ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்தது பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம். அதில் மேக்ரோகிளாசம் என்று பகலில் பறக்கும் ஒரு கூட்டம் உண்டு. அந்தப் பேருக்கே பெரிய நாக்கு என்றுதான் அர்த்தம். மூக்கு என்று நீங்கள் நினைத்தது அந்த நாக்குதான். வேலை முடிந்ததும் வாட்ச் ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டி முகத்துக்கு அடியில் வைத்துக்கொள்ளும். வால் என்று சொன்னது வயிற்று நுனியில் இருக்கும் மயிர்க்கற்றை. திரும்பும்போது அதை விரிக்கும்.

அடுத்த முறை பார்த்தால் தலையைப் பாருங்கள். இரண்டு உணர்கொம்பு துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். முடிந்தால் ஒரு போட்டோ.

ஏப்ரல் 10

போட்டோ வந்தது. நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன், குடும்பம் சரி, கூட்டம் தப்பு.

பெரிதாக்கிப் பார்த்தேன். இறகு வழியாக அந்தப் பக்கத்து உண்ணிப்பூ தெரிகிறது. மேக்ரோகிளாசமாக இருந்தால் முன்னிறகு மண் நிறத்தில் மூடியிருக்கும், பின்னிறகில் ஆரஞ்சோ மஞ்சளோ பளிச்சென்று தெரியும். இதில் நரம்பு மட்டும் கறுப்புக் கோடாக ஓடுகிறது, மற்றதெல்லாம் கண்ணாடி. இது செஃபோனோடெஸ் ஹைலாஸ். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1771-ல் பெயர் வைத்தது. இந்தியா, இலங்கையிலிருந்து தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான் வரை உண்டு. ஆங்கிலத்தில் பேரிலேயே காப்பி உண்டு. காப்பிக் கண்ணாடி இறகி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அடையாளம் இதுதான்: முதுகு பாசிப்பச்சை, பஞ்சு மாதிரி மயிர் மூடியிருக்கும். வயிற்றின் நடுவில் செங்கல் நிறப் பட்டை, அதற்கப்புறம் மறுபடி மஞ்சள் கலந்த பச்சை, நுனியில் கறுப்புக் கற்றை. அடிப்பக்கம் வெளிர். இறகு விரித்தால் ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர். இறகில் செதிலே கிடையாது, அதனால்தான் கண்ணாடி.

பந்தயத்தில் இரண்டு பேரும் தோற்றதால் ஆளுக்கொரு காப்பி வாங்கிக் குடியுங்கள். தாண்டிக்குடிக் காப்பியாக இருக்கட்டும்.

ஏப்ரல் 13

பேர் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், விட்டில் என்றால் என்ன, அந்து என்றால் என்ன என்று.

அந்து என்றால் என் அம்மாவுக்கு நெல் மூட்டையில் வரும் பூச்சி. விட்டில் என்றால் விளக்கில் விழுவது. சில ஊரில் வெட்டுக்கிளியையும் விட்டில் என்பார்கள், அது குழப்பம். நம்முடைய இந்த ஆள் நெல்லிலும் இல்லை, விளக்குக்கும் வருவதில்லை. நல்ல வெளிச்சத்தில் பறப்பது. இந்த இரண்டு பெயருமே பொருந்தவில்லை என்றாலும், பருந்து அந்துப்பூச்சி என்று புத்தகத்தமிழில் நிலைத்துவிட்டது, அதையே வைத்துக்கொள்வோம்.

லத்தீன் பேர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செஃபோனோடெஸ் என்பதன் வேர் ஆண் தேனீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல், ஆண் தேனீ மாதிரி என்று பொருள். பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பெரிய வண்டு வருகிறதென்று என் மகள் எத்தனையோ முறை விலகி ஓடியிருக்கிறாள். கொட்டாது. கொடுக்கே கிடையாது. ஆனால் கொட்டும் போல உருவம் வைத்திருப்பதால் பறவைகளும் யோசிக்கும்.

தோட்டத்தில் நாங்கள் புழுவைத்தான் முதலில் அறிவோம். அதற்குப் பேர் கொம்புப்புழு.

ஏப்ரல் 21

கொம்புப்புழு என்று எழுதிவிட்டு ஒரு வாரமாக மனசு சரியில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

மங்களம்கொம்பு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். அராபிகா வகைக் காப்பி, ஊடே மலைவாழை, நிழலுக்கு சில்வர் ஓக்கும் முள்முருங்கையும், அதில் மிளகுக்கொடி. இந்தப் பூச்சியின் புழு தின்பது காப்பிக் குடும்பத்து இலைகளை: காப்பி, கார்டீனியா, பாவட்டை, காரை இப்படி. அப்பா காலத்தில் கொழுந்து கடிபட்டிருந்தால் கொம்புப்புழுவைப் பிடித்துக் காலில் நசுக்குவோம். நானும் பத்துப் பன்னிரண்டு வருடம் அதையே செய்தேன். ஒரு தடவை கீழே ஒரு மருந்துக்கடையில் புழுவுக்கென்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்து நாலு வரிசைக்கு அடித்தேன். அந்த வருடம் காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை நன்றாகப் பெய்து, தோட்டம் மல்லிகைப் பந்தல் மாதிரி வெள்ளையாக நின்றது, அந்த நாலு வரிசையில் மட்டும் தேனீ சத்தம் இல்லை. அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும், மகசூலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த நிசப்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் புழு எனக்குச் செய்த நஷ்டம் என்ன? ஒரு செடியில் பத்து இலை. செடியையே சாய்ப்பது வெள்ளைத் தண்டுத் துளைப்பான், காயைக் கெடுப்பது காய்த் துளைப்பான். அவை இரண்டும் உள்ளே ஒளிந்திருப்பதால் கண்ணில் படாது. கொம்பு வைத்துக்கொண்டு இலை மேல் தெரிந்த பாவத்துக்கு இது அடி வாங்கியது.

ஏப்ரல் 22

நேற்று விட்டது: பாவட்டை. வேலியோரம் தானாக முளைத்து வெள்ளைப் பூ பூக்கும் செடி, பாட்டி வைத்தியத்தில் பேர்போனது. பாவெட்டா என்று அதன் லத்தீன் பேரே நம் பக்கத்துப் பேரிலிருந்து போனதுதான். காப்பி இந்த மலைக்கு வரும் முன்பே இந்தப் பூச்சி இங்கே இருந்திருக்கிறது என்றால் பாவட்டையையும் காரையையும் நம்பித்தான் இருந்திருக்கும். நாம் காப்பியைக் கொண்டு வந்து பந்தி விரித்தோம்.

மே 26

கிடைத்துவிட்டது!

காலையில் கவாத்து அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வாழை இலை மேல் மிளகு சிந்திக் கிடந்தது. மிளகுக்கொடி அந்த இடத்தில் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பும் பச்சையும் கலந்த உருண்டை, நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம், உரித்த ஆரஞ்சுச் சுளைகளைச் சேர்த்து வைத்த மாதிரி. பருந்து அந்துப்பூச்சிப் புழுவின் எச்சம் இப்படித்தான் இருக்கும். எச்சம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் புழு இருக்கும். நிமிர்ந்தேன், காப்பிக் கிளையில் தலைகீழாக ஒன்று. அரை மணி நேரத்தில் மேலும் இரண்டு, ஒன்று பாவட்டையில்.

என் சுண்டுவிரல் நீளம். இலைப்பச்சை. பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், அவைதான் மூச்சு விடும் துளைகள். கழுத்துப் பக்கம் நெருங்கிப் பார்த்தால் ரவை ஒட்டின மாதிரி சொரசொரப்பு. கொம்பு பின்னால், லேசாக வளைந்தது. தொட்டுப் பார்த்தேன், குத்தவில்லை, வெறும் சதை. இத்தனை வருடம் இந்தக் கொம்புக்கா பயந்தோம்!

மூன்றையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கிளையோடு விட்டு, வேட்டித் துணியால் வாயைக் கட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒவ்வொன்றும் நாலைந்து இலை தின்கிறது. தின்னும் சத்தம் இரவில் கேட்கிறது.

ஜூன் 4

இரண்டு புழு சாப்பாட்டை நிறுத்திவிட்டன. பச்சை மங்கி, மாந்துளிர் மாதிரி ஒரு நிறம். பாட்டிலைச் சுற்றிச் சுற்றி நடக்கின்றன. கீழே இறங்கத் துடிக்கின்றன என்று அர்த்தம். காய்ந்த காப்பிச் சருகும் கொஞ்சம் மண்ணும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே போய், சருகை நூலால் லேசாகத் தைத்துக்கொண்டன. மண்ணுக்கு வெகு ஆழம் போகவில்லை, சருகுக்கு அடியில்தான்.

இதனால் ஒன்று புரிந்தது. தோட்டத்தைத் துடைத்த மாதிரி வைத்திருப்பவர்கள், சருகைக் கூட்டிக் கொளுத்துபவர்கள், மருந்தே அடிக்காவிட்டாலும் இந்தப் பூச்சியை அடுத்த தலைமுறைக்கு விடுவதில்லை.

ஜூன் 5

மூன்றாவதும் இறங்கியது.

ஜூன் 16

மூன்றாவது போய்விட்டது. பாட்டிலுக்குள் வீட்டு ஈயை விடப் பருத்த, முள்முள்ளாக மயிர் வைத்த ஈக்கள் ஐந்து சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டுப்புழுவின் தோடு மட்டும் மிச்சம். புழுவாக இருந்தபோதே டாக்கினிட் வகை ஈ முட்டை வைத்திருக்கிறது, குஞ்சுகள் உள்ளிருந்து தின்று வெளியே வந்திருக்கின்றன.

எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் மே மாதம் ஒருவர் மருந்து அடிக்காவிட்டால் புழு பெருத்துத் தோட்டத்தையே மொட்டையடித்துவிடாதா என்று கேட்டிருந்தாரே, அவருக்குப் பதில் இந்தப் பாட்டிலில் இருக்கிறது. மூன்றில் ஒன்றை ஈ முடித்துவிட்டது. குளவி, ஓணான், சிலம்பன் குருவிக் கூட்டம் எல்லாம் இதற்கு மேல். மருந்து அடித்தால் முதலில் சாவது அந்த ஈயும் குளவியும்தான்.

ஜூன் 26

இன்று காலை பார்த்ததை எழுதாமல் தோட்டத்துக்குப் போக மனசு வரவில்லை. வேலைக்கு வந்தவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள், காப்பி கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

ஐந்தேமுக்காலுக்கு எழுந்தேன். முதல் பாட்டிலில் சருகு கிழிந்திருந்தது. துணியில் தலை மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது, இறகு நீண்டு காய்ந்துவிட்டது, ஆனால் அது கண்ணாடி இல்லை. சாம்பல்! அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துப் பூசின மாதிரி, மங்கல் வெள்ளை கலந்த சாம்பல். வேறு பூச்சியை வளர்த்துவிட்டோம் என்று முதலில் நினைத்தேன். உடம்பைப் பார்த்தால் அதே பாசிப்பச்சை, அதே செங்கல் பட்டை.

துணியை அவிழ்த்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். வெளியே பனி மூட்டம், நல்ல குளிர். கால்மணி நேரம் சும்மா இருந்தது. அப்புறம் நடுக்கம் ஆரம்பித்தது. இறகை அடிக்கவில்லை, இருந்த இடத்திலேயே அதிர்ந்தது. டீசல் மோட்டார் குளிரில் கிளம்பும் முன் உதறுமே, அப்படி. இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் பறக்க வேண்டுமானால் நெஞ்சுத் தசை 35 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும், அதற்காகத்தான் இந்த உதறல். அது உதற உதற, ஜன்னல் கட்டையில் புகை படிவது போல ஒன்று விழுந்தது. விரலால் தொட்டால் பென்சில் கரித்தூள் மாதிரி வழுவழுப்பு. செதில்கள். இறகு நடுவிலிருந்து தெளிய ஆரம்பித்தது. முதலில் ஒரு திட்டு, அப்புறம் திட்டுகள் சேர்ந்து, நரம்பு ஒவ்வொன்றாகக் கறுத்துத் தெரிந்தது. ஏழே கால் இருக்கும், ஒரே எழும்பல். என் முகத்துக்கு நேரே இரண்டு நொடி அந்தரத்தில் நின்றது. அதன் இறகு இருந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது எதிரே இருந்த வாழைதான்.

போன பிறகு கட்டையில் அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சுத்தமாக, இரண்டு பக்கமும் சாம்பல் விசிறி. என் மனைவி துடைக்க வந்தவள் துடைக்காமல் நின்றுவிட்டாள்.

ஜூன் 26, மாலை

ஏப்ரல் 10-ல் செதிலே கிடையாது என்று எழுதினேன். தப்பு. செதிலோடுதான் வெளியே வருகிறது, முதல் பறத்தலில் உதிர்த்துவிடுகிறது. கண்ணாடியாகப் பிறக்கவில்லை, நம் கண் முன்னால் கண்ணாடியாகிறது. புத்தகத்தில் ஒரே வரியாக இது இருக்கிறது. அந்த வரியை நான் எத்தனை முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

இரண்டாவது இன்னும் வரவில்லை.

ஜூன் 28

இரண்டாவதும் வந்தது. நான் கே.சி.பட்டி போயிருந்தேன், மகள் பார்த்தாள். விலகி ஓடவில்லை.

ஜூலை 7

கோத்தகிரியிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்கள், தொட்டியில் வைத்த கார்டீனியாவை நாலு புழு சேர்ந்து காம்பு மட்டும் விட்டுவிட்டன, நீங்கள் புழுவைக் கொஞ்சுகிறீர்கள் என்று. அக்கா, கோபம் நியாயம். மூன்று ஏக்கர் வேறு, ஒரு தொட்டி வேறு. கையால் எடுத்து வெளியில் பாவட்டையோ காப்பியோ இருந்தால் விட்டுவிடுங்கள், வேறு குடும்பத்துச் செடியில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். கார்டீனியா மறுபடி தழைத்துவிடும், உரம் மட்டும் கொஞ்சம் போடுங்கள்.

நந்தியாவட்டையில் பார்த்ததாகச் சொன்னது வேறு. கழுத்துப் பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு இருந்தால் அது டாஃப்னிஸ் நேரி, அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி தின்பது. அதன் பூச்சி பச்சையில் சலவைக்கல் கோலம் போட்ட மாதிரி அவ்வளவு அழகு, ஆனால் இருட்டினால்தான் பறக்கும்.

ஜூலை 19

கோத்தகிரி அக்கா எழுதியதும் நீலகிரிக்காரர் ஒருவர் நினைவு வந்தது. இந்தியாவின் அந்துப்பூச்சிகளை முதலில் விரிவாக எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். 1891-ல் நீலகிரி மாவட்டத்து அந்துப்பூச்சிகளைப் பற்றித் தனியாகவே எழுதினார், 1892-லிருந்து 1896 வரை இந்தியா முழுமைக்கும் நாலு பாகம். தோட்டக்காரர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். ஆனால் புழுவைக் காட்டிக்கொடுத்து, பூச்சியைப் பிடித்துக்கொடுத்த தோட்டத்து ஆட்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் அதை என்ன பேர் சொல்லி அழைத்தார்கள் என்பது எனக்கு அதைவிட முக்கியம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். படுகர் வீடுகளில் வேறு பேர் இருக்கும்.

ஆகஸ்ட் 30

தேனீப் பெட்டிக்குள் கீச்சென்று கத்தும் பூச்சி என்று கேட்டவருக்கு: அது மண்டையோட்டுப் பருந்து அந்து, முதுகில் மண்டையோடு மாதிரிக் குறி. தேன் திருட வருவது. நாக்கு வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளிக் கத்துகிறது. எள், கத்தரி, தக்காளிச் செடியில் அதன் புழு வரும். அபசகுனம் என்று அடித்துக் கொல்லாதீர்கள், பெட்டி வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கினால் போதும்.

அக்டோபர் 27

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாக வெயில் இல்லை. இன்று பத்து மணிக்குக் கொஞ்சம் வெளுத்ததும் சீமை நாயுருவிப் பூவில் ஒன்று வந்தது. ஒரு பூவில் ஒரு நொடிகூட இல்லை, காம்பு காம்பாகப் போய்க்கொண்டே இருந்தது. மழைக்கு நடுவில் கிடைத்த அரை மணி நேரத்தில் நாலு நாள் பசியைத் தீர்க்கிறது.

இந்த ஏழு மாதத்தில் கொடைக்கானல் டவுன் உயரத்தில் நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று காப்பி நிற்கும் உயரத்தில்தான் பார்த்தேன். மேலே பார்த்தவர்கள் போட்டோவோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 12

தம்பி, மாமா வேலியைச் சுத்தம் செய்யப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உண்ணிச்செடியை வெட்டட்டும், அது வெளியிலிருந்து வந்து காட்டையே மூடிவிட்டது, நான் தடுக்கமாட்டேன். தேனுக்கு வேறு பூ கிடைக்கும். ஆனால் அதன் ஊடே பாவட்டை நிற்கும், அதை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். இலைக்கு அடியில் கடுகை விடச் சின்னதாகப் பச்சை முட்டை ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கும், முதலில் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வெட்டிவிட்டார் என்றாலும் பரவாயில்லை. பையில் நாலு பாவட்டைக் கன்று போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், தாண்டிக்குடி ஸ்டாப்பில் மாமாவை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.